மாடி ஹாலைத் தடுக்க எவ்வளவு பணம் எடுத்து வைக்கணும்? எங்கள் வேலப்பாடி வீட்டு ஜிப்சம் சுவர்க் கணக்கு

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருஷமாகக் காஸ்ட்டிங் பார்க்கிறேன். ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல், லைனிங் எவ்வளவு, நூல் எவ்வளவு, பசை எவ்வளவு, வெட்டும்போது வீணாவது எவ்வளவு என்று எழுதிக் கூட்டுவதுதான் என் வேலை. எங்கள் பக்கத்தில் தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குவார்கள், விற்பார்கள். அதனால் வேலூர் வேலப்பாடியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி ஹாலை இரண்டு அறையாகத் தடுக்க ஆள் கூப்பிட்டபோது, வந்தவர் "சதுர அடி 115 ரூபா மேடம், எல்லாம் சேர்த்து" என்றதும் எனக்குப் பழகின கணக்காகத்தான் பட்டது. சுவர் நீளம் மொத்தம் 23 அடி, உயரம் 10 அடி. 230 சதுர அடி. 26,450 ரூபாய்.

கடைசியில் எனக்கு ஆன செலவு 81,644 ரூபாய்.

அவர் பொய் சொல்லவில்லை. சுவரின் நடுப்பகுதிக்கு மட்டும் விலை சொன்னார். தோலிலும் இதுதான் நடக்கும். நடு முதுகுப் பக்கம் வழவழவென்று வெட்டிக்கொண்டே போகலாம். வயிற்றுப் பக்கமும் கழுத்துப் பக்கமும் வந்தால்தான் கணக்கு உதைக்கும். சுவருக்கும் பணம் போவது ஓரங்களில்: கதவு, மூலை, பலகைகள் சேரும் ஒட்டு, சுவிட்ச் பெட்டி, தரையைத் தொடும் அடிப்பகுதி, பழைய சுவரோடு ஒட்டும் இடம். அந்த ஓரங்களை ஒவ்வொன்றாக எழுதாமல் பட்ஜெட் போட்டால் அது பாதிக் கணக்கு. நான் எழுதின முறையை இங்கே வைக்கிறேன். விலையெல்லாம் 2024 தை மாதம் நான் கொடுத்தது. உங்களுக்கு விலை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில், செங்கல் ஏன் வேண்டாம்

எங்கள் வீடு மாமனார் 1988-ல் கட்டியது. மாடி ஹால் 26 அடிக்கு 13 அடி. கீழ்வீட்டில் அதற்கு நேர் கீழே சுவரும் இல்லை, உத்திரமும் இல்லை, வெறும் தளம். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சோடு சேர்த்தால், சதுர அடிக்குச் சுமார் 25 கிலோ வரும். 13 அடி நீளச் சுவர் ஒன்றுக்கே 3 டன்னைத் தாண்டும். அந்த எடையைத் தளத்தின் நடுவில் ஒரே கோட்டில் ஏற்றக் கூடாது என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். ஜி.ஐ. சட்டம், அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகட்டுச் சட்டம், நிறுத்தி இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்தால் சதுர அடிக்கு இரண்டரை கிலோவுக்குள்தான். அதே 13 அடிச் சுவர் 300 கிலோவோடு நிற்கும். கொசப்பேட்டை பக்கம் மரக்கட்டை உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடி அறையைத் தடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மரச்சட்டம் அடித்து பிளைவுட் போடலாமே என்று என் கணவர் கேட்டார். எங்கள் தெருவில் கரையான் பார்க்காத மர அலமாரி கிடையாது. அதனால் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஆனால் கீழ்வீட்டில், அதுவும் தண்ணீர் ஏறின இடத்தில், ஜிப்சம் வேண்டாம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முறை தண்ணீர் நின்றால் பலகை ஊறி உப்பிவிடும். அந்த மாதிரி இடத்துக்கு ஹாலோ பிளாக்கோ ஏ.ஏ.சி. என்கிற எடை குறைந்த கான்கிரீட் கல்லோ வைத்துக் கட்டுவதுதான் சரி.

சாக்பீஸால் ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள்

யாருக்கும் போன் பண்ணுவதற்கு முன்னால், சுவர் வரும் கோட்டைத் தரையில் சாக்பீஸால் போடுங்கள். கதவு வரும் இடத்தை விட்டுப் போடுங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கோட்டை மதித்து நடந்தோம். கட்டிலை நகர்த்தி வைத்தோம். குடியாத்தத்திலிருந்து எங்களோடு வந்து இருக்கப்போகிற என் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். நான் இரண்டரை அடிக் கதவுதான் எழுதி வைத்திருந்தேன். அத்தை வாக்கரைத் தூக்கி வைத்து அந்தச் சாக்பீஸ் வாசலில் திரும்பினார். வாக்கரின் பின்கால் கோட்டை மிதித்தது. இன்னொரு முறை திரும்பினார், மறுபடியும் மிதித்தது. கோட்டை அழித்து மூன்று அடியாகப் போட்டேன். இரண்டு கதவுக்கும் அதே அளவு. அன்றைக்கு அது ஒரு துணியால் அழித்துப் போட்ட கோடு. சட்டம் நிறுத்தின பிறகு என்றால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும்.

அதே கோட்டை வைத்து மேலேயும் பாருங்கள். ஃபேன் கொக்கி தளம் ஒட்டும்போதே வைத்தது, நம் இஷ்டத்துக்கு நகராது. எங்கள் ஹாலில் இரண்டு ஃபேன். சுவர் நடுவில் வந்ததால் ஆளுக்கு ஒன்று கிடைத்தது. ஜன்னல் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஒரு ஹாலை நாலாகத் தடுத்து, நடு அறைக்கு ஜன்னலே இல்லாமல் விட்டதை நான் தோட்டப்பாளையத்தில் பார்த்திருக்கிறேன். நம் ஊர் கத்திரி வெயிலில், நோயாளியோடு வந்தவர் அதில் எப்படிப் படுப்பார்? அப்படி ஓர் அறையை உண்டாக்கிப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பலகைக் கணக்கு: வெட்டுவதை முதலில் வரையணும்

எங்கள் சுவர் இரண்டு. ஹாலின் குறுக்கே 13 அடி. அதிலிருந்து டி மாதிரிப் பிரிந்து நடைவழியை ஒதுக்கும் சுவர் 10 அடி. ஒவ்வொன்றிலும் ஒரு கதவு, 7 அடிக்கு 3 அடி.

ஜிப்சம் பலகையை 12.5 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் மெல்லிய பலகையைச் சுவருக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இந்தியத் தர எண் ஐ.எஸ். 2095, அது இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அளவு 6 அடிக்கு 4 அடி, அதாவது 24 சதுர அடி. இதைவிடப் பெரிய பலகையும் வரும். எங்கள் மாடிப்படி ஓர் இடத்தில் சட்டென்று திரும்பும், அதனால் 6 அடிப் பலகைதான் ஏறும். நீங்களும் விலையைக் கேட்பதற்கு முன்னால் படிக்கட்டை அளந்துவிடுங்கள்.

வேலைக்கு வந்தவர் பலகையை நிற்க வைத்து அடிப்பதாகச் சொன்னார். 10 அடி உயரத்துக்கு ஒரு 6 அடிப் பலகை, அதன் மேல் 4 அடித் துண்டு. அந்த 4 அடித் துண்டை இன்னொரு 6 அடிப் பலகையில் வெட்டினால் 2 அடி மிஞ்சும். இரண்டு 2 அடித் துண்டைச் சேர்த்து ஒட்டலாம், ஆனால் கூடுதலாக ஓர் ஒட்டு. நான் நோட்டில் வரைந்து பார்த்தேன். பலகையைப் படுக்க வைத்தால் உயரம் 4 அடி, 4 அடி, 2 அடி. சரியாகப் பத்து. அந்த 2 அடிப் பட்டை பலகையின் சரிபாதி, ஒரு பலகையில் இரண்டு வரும். உயரத்தில் ஒரு விரல்கடை கூட வீண் கிடையாது. சட்டங்கள் 2 அடிக்கு ஒன்று நிற்பதால் 6 அடிப் பலகையின் முனையும் சரியாகச் சட்டத்தின் மேல் வந்து உட்காரும்.

2 அடிப் பட்டையைக் கீழ் வரிசையாக வைத்தேன், வெட்டின ஓரம் தரையைப் பார்க்க. இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் தரையைத் துடைப்பதோடு விடுவதில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளுவோம். ஜிப்சம் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அதனால் கீழ் வரிசைக்கு மட்டும் பச்சைத் தாள் ஒட்டி வரும் ஈரம் தாங்கும் பலகை வாங்கினேன். விலை கூடத்தான், ஆனால் அந்த வரிசைக்கு வேண்டியது மூன்றே பலகை. பலகையின் அடி தரையைத் தொடாமல் 10 மி.மீ. தூக்கி நிறுத்தச் சொல்லி, அந்த இடைவெளியை சீலன்ட் வைத்து அடைத்து, அதன் மேல் 4 அங்குல ஸ்கர்ட்டிங் டைல் ஒட்டினேன். குளியலறையை ஒட்டின சுவர் என்றால் பச்சைப் பலகையும் போதாது, அந்தப் பக்கத்துக்குச் சிமென்ட் ஃபைபர் பலகை போடுங்கள்.

எண்ணிக்கை இப்படி வந்தது. இரண்டு முகமும் சேர்த்து 46 அடி ஓட்டம். கதவு விட்டால் கீழே 34 அடி. கீழ் வரிசைக்கு ஆறு பட்டை, அதாவது 3 பச்சைப் பலகை. நடு வரிசைக்கு 6. மேல் வரிசை கதவின் மேலேயும் போவதால் 46 அடிக்கும் வேண்டும், 8. மொத்தம் 17, உடைந்தால் என்று ஒன்று, 18. சதுர அடியை மட்டும் வகுத்திருந்தால் 16 என்று வந்திருக்கும். கூடின இரண்டில் ஒன்று உடைந்தால் என்று வைத்தது, இன்னொன்று கதவு மூலையில் போனது. கதவின் மேல் மூலைக்கு நேராகப் பலகை ஒட்டு வந்தால், கதவு சாத்தும் அதிர்ச்சியில் அந்த இடம் கண்டிப்பாக விரிசல் விடும். அங்கே முழுப் பலகையை 'எல்' வடிவில் வெட்டிப் பொருத்தணும். அந்த வெட்டில் மிஞ்சும் துண்டு பெரிதாக எதற்கும் ஆகாது. இந்த வீணைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

சட்டமும், அதை அளந்த கதையும்

மேலேயும் கீழேயும் ஓடும் சேனல், நடுவில் நிற்கும் சட்டம், இரண்டுமே 12 அடி நீளத்தில் வரும். 13 அடிச் சுவருக்கு 8 சட்டம், 10 அடிச் சுவருக்கு 6. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பக்கமும் இரட்டைச் சட்டம் என்று 4, ஆக 8. இரண்டு சுவரும் சேரும் இடத்துக்கு ஒன்று. 23 ஆகிறது, 24 வாங்கினேன். 12 அடியில் 10 அடி போக மிஞ்சின 2 அடித் துண்டுகளைத் தூக்கிப் போட விடவில்லை. ஓரத்துக் குறுகிய கட்டங்களிலும், கதவுத் தலைப்பிலும், சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாலும் குறுக்காக வைக்க அவைதான் உதவின. பலகைகள் படுக்கையாகச் சேரும் ஒட்டுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சேனல் கீழே 17 அடி, மேலே 23 அடி. 4 சேனல் போதும்.

நான் கேட்டிருந்தது 0.55 மி.மீ. தகடு. முதல் ஆள் சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, கம்பெனியில் தோல் கனம் பார்க்கும் கேஜை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் டயல். மேலே விரலால் அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் தோலைக் கவ்வி ஊசி ஓடும். தோலில் 1.2, 1.4 என்று நிற்கும் ஊசியைப் பார்த்துப் பழகினவள் நான். சட்டத்தின் விளிம்பைக் கவ்வ விட்டேன். 0.4-ல் நின்றது. வேறொரு சட்டத்தில் வைத்தேன், 0.4. ஒரு சட்டத்தை இரு கையால் பிடித்து முறுக்கினேன். ஈரத் துணி மாதிரி திரும்பிற்று. "எல்லாரும் இதான் போடுறாங்க மேடம், ஒண்ணும் ஆவாது" என்றார் அவர். ஒன்றும் ஆகாதுதான், ஒரு வருஷம். அத்தை இருட்டில் எழுந்து போகும்போது கையை ஊன்றப்போகிற சுவர் அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, பொருளை நானே வாங்கித் தருவது, கூலி மட்டும் சதுர அடிக்கு 45 ரூபாய் என்று வேறொருவரிடம் பேசி முடித்தேன். காட்பாடி ரோட்டில் ஒரு கடை, ஆற்காடு ரோட்டில் இரண்டு கடை விசாரித்துத்தான் வாங்கினேன். உங்களிடம் கேஜ் இருக்காது. கடைக்காரரிடமே ஸ்க்ரூ கேஜ் இருக்கும், உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கூலி பேசும்போதே கதவு இடத்தைக் கழிப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பலகையில் கழித்தேன், கூலியில் கழிக்கவில்லை. கதவைச் சுற்றி வேலை அதிகம், அந்தக் கூலி அவர்களுக்கு நியாயமாகச் சேரவேண்டியது.

மூடுவதற்கு முன்னால் மூன்று பொருள்

ஒரு பக்கம் பலகை அடித்து முடித்ததும் மறு பக்கத்தை அவசரமாக மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் உள்ளே போகவேண்டியது மூன்று.

ராக்வூல், அதாவது சத்தத்தைத் தடுக்கும் கல் பஞ்சு. இது இல்லாத ஜிப்சம் சுவர் தட்டினால் டொம் என்று கேட்கும். பக்கத்து அறையில் பேசுவது வார்த்தை வார்த்தையாக வரும். என் மகள் பிளஸ் டூ. அத்தைக்கு இரவில் இருமல், பகலில் டி.வி. 188 சதுர அடிக்கு, 50 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் வாங்கினேன், சதுர அடி 22 ரூபாய். பலரும் முதலில் வெட்டும் செலவு இதுதான். பிறகு போடணும் என்றால் சுவரைப் பிரிக்கணும், அதனால் இதை மட்டும் வெட்டாதீர்கள். கைக்கு உறையும் முகத்துக்கு மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள், அந்தப் பஞ்சு உடம்பெல்லாம் அரிக்கும். இன்னொன்று, இரண்டு அறையின் சுவிட்ச் பெட்டியும் முதுகோடு முதுகாக வந்தால் சத்தம் அந்த ஓட்டை வழியாகவே போய்விடும். ஒரு சட்டம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் சுவர் அதோடு நிற்காமல் தளம் வரைக்கும் போகணும்.

ஒயர். எலக்ட்ரீஷியன் இரண்டு முறை வரவேண்டிய வேலை இது: சட்டம் நின்றதும் பைப் ஓட்ட ஒரு முறை, பெயின்ட் முடிந்ததும் சுவிட்ச் மாட்ட ஒரு முறை. பேசும்போதே இரண்டு வருகைக்கும் சேர்த்துப் பேசுங்கள். ஆறு பாயின்ட், பாயின்டுக்கு 650. மகள் அறைக்கு இன்டர்நெட் ஒயரை நான் எழுத மறந்துவிட்டேன். அதற்காகத் தனியாக வந்து இழுத்ததற்கு 900 கொடுத்தேன்.

பிளைவுட். ஜிப்சம் பலகை மட்டும் எடை தாங்காது. டி.வி., ஏ.சி., தொங்கு அலமாரி, துணி மாட்டும் கொக்கி, எது வரும் என்றாலும் அந்த இடத்தில் இரண்டு சட்டத்துக்கு நடுவில் 18 மி.மீ. பிளைவுட் துண்டை முன்கூட்டியே திருகி வைக்கணும். 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று வாங்கி டி.வி.க்கும் அலமாரிக்கும் வெட்டி வைத்தேன். பெயின்ட் காய்ந்த மறுநாள் அத்தை வந்து நின்றார். "சாமி அலமாரியை இங்கதாம்மா மாட்டணும், கிழக்கு பார்த்து" என்று கையால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் பிளைவுட் இல்லை. யார் எங்கே என்ன மாட்டுவார்கள் என்று வீட்டில் எல்லாரையும் கேட்டேன், அவரைக் கேட்கவில்லை. தப்பு என் மேல்தான். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி வெட்டித் திறந்து, பிளைவுட் வைத்து, திரும்ப மூடி, டேப் ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க 1,800 ஆயிற்று. பலகை மூடும் முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அந்தச் சட்டத்துக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கேளுங்கள்.

மூடுவதற்கு முந்தின நிமிஷம் டேப்பைச் சுவரோடு பிடித்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கிறவருக்கு ஒயர் எங்கே, சட்டம் எங்கே என்று அது சொல்லும்.

கதவு

பட்ஜெட்டில் ஒரே பெரிய வரி இதுதான். நிலை, 30 மி.மீ. ஃப்ளஷ் டோர், கீல், பூட்டு, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 11,500. இரண்டுக்கு 23,000. ஜிப்சம் பலகை மொத்தமும் சேர்த்தே 10,140 ரூபாய்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவை ஒட்டின சட்டத்துக்குள் மர ரீப்பர் நுழைத்து வைத்தால்தான் நிலையின் திருகு பிடிக்கும். ஆசாரியும் பலகைக்காரரும் ஒரே நாளில் சந்திக்கும்படி ஏற்பாடு பண்ணுங்கள். "அது அவர் வேலை" என்று இருவரும் சொல்வது இந்த இடத்தில்தான்.

மேல்பூச்சு

ஒட்டுகளில் காகித டேப் வைத்து ஜாயின்டிங் காம்பவுண்ட் என்கிற ஒட்டு நிரப்பும் பட்டி மூன்று கை. ஒவ்வொரு கையும் காய ஒரு நாள் விடணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் காயவே காயாது, கூலி நாள் கூடும். நான் தையில் வைத்தது அதனால்தான். புதுச் சுவர் பழைய செங்கல் சுவரோடு சேரும் இடத்தில் பட்டி வைத்து மூடினால் கோடு விழும். அங்கே மெல்லிய இடைவெளி விட்டு அக்ரிலிக் சீலன்ட் வைக்கணும். எங்கள் பழைய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது மேலிருந்து கீழே முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. அதற்கேற்ற மாதிரி பலகை ஓரத்தைச் சீவித்தான் பொருத்தினார்கள். பழைய வீடு என்றால் இதை எதிர்பார்த்தே கூலி பேசுங்கள்.

பெயின்ட் கூலியைத் தனியாகக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து" என்பதில் பெயின்ட் பெரும்பாலும் கிடையாது. பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு சேர்த்து சதுர அடி 28, முகம் 376 சதுர அடி.

நோட்டில் எழுதின பக்கம்

சாதாரண ஜிப்சம் பலகை 15, ஒன்று 520: 7,800
பச்சைப் பலகை 3, ஒன்று 780: 2,340
சட்டம் 24, ஒன்று 220: 5,280
சேனல் 4, ஒன்று 190: 760
திருகு, ஆங்கர், டேப், காம்பவுண்ட், சீலன்ட்: 3,050
ராக்வூல்: 4,136
பிளைவுட்: 3,040
சுவர்க் கூலி, 230 சதுர அடிக்கு 45: 10,350
குட்டி யானை வாடகை 1,200, மாடி ஏற்றுக் கூலி 1,000: 2,200
எலக்ட்ரிக்கல்: 3,900
கதவு இரண்டு: 23,000
பட்டி, பெயின்ட்: 10,528
ஸ்கர்ட்டிங் டைல், 34 அடி ஓட்டத்துக்கு அடி 60: 2,040

கூட்டினால் 78,424. இதன் மேல் பத்து சதவீதம், 7,842, தனிக் கவரில் போட்டு வைத்தேன். கவரிலிருந்து போனது 3,220: சாமி அலமாரிக்கு 1,800, இன்டர்நெட் ஒயருக்கு 900, படிக்கட்டுத் திருப்பத்தில் முட்டி உடைந்த ஒரு பலகைக்கு 520. உதிரியாக வைத்திருந்த பலகை கதவு மூலைக்கே போய்விட்டதால், உடைந்ததற்குப் புதிதாக வாங்கவேண்டி வந்தது.

உங்கள் வீட்டுக்குப் போடும்போது பொருள், கூலி, கதவு, பெயின்ட் என்று நான்கு பேரிடம் நான்கு விலை வாங்குங்கள். அப்படி முடியாமல் ஒரே ஆளிடம் கொடுப்பதாக இருந்தால், பலகை எத்தனை மி.மீ., சட்டத் தகடு எத்தனை மி.மீ., சட்டத்துக்குச் சட்டம் எத்தனை அடி, ராக்வூல் உண்டா, கதவு இடம் கழிக்கப்படுமா, பெயின்ட் சேர்ந்ததா, ஏற்றுக் கூலி யாருடையது, ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா என்று அரைத் தாளில் எழுதி மூன்று பேரிடம் அதே தாளைக் கொடுங்கள். அப்போதுதான் ஒருவர் சொல்லும் 115-ம் இன்னொருவர் சொல்லும் 140-ம் ஒரே சுவரின் விலையா என்று தெரியும். 115 சொன்னவருக்கு என் தாளைக் கொடுத்திருந்தால், ராக்வூலும் பிளைவுட்டும் சேர்க்காமலே 128-க்கு மேல் வந்திருக்கும்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். பொருள் நான் வாங்கியதால் கூலிக்கு முன்பணம் அதிகம் கொடுக்கவில்லை: தொடங்கும்போது 2,000, சட்டம் நிறுத்தி நான் ரசமட்டம் வைத்துப் பார்த்ததும் 3,000, இரண்டு பக்கமும் மூடினதும் 4,000. மீதி 1,350-ஐப் பெயின்ட் அடித்துப் பத்து நாள் கழித்துத் தருவதாக முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். பலகைக்காரரும் சம்மதித்தார்.

பத்தாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக ஓட விட்டேன். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அதில் நிழலாகத் தெரியும். கதவு மூலை இரண்டிலும் கோடு இல்லை. நடைவழிச் சுவரில் ஓர் ஒட்டு மட்டும் முதுகெலும்பு மாதிரி லேசாகப் புடைத்திருந்தது. பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். அவர் மறுநாள் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கை பட்டி இழுத்தார். அது காய்ந்ததும் பெயின்டர் விட்டுப்போயிருந்த டப்பாவிலிருந்து தொட்டு அடித்தார். மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 1,350-ஐக் கொடுத்தேன்.